கரண்டு கோளாறு: ட்ரான்ஸ்போமரைத் தொடாமல் பிழை கண்டுபிடிக்கும் வழி

இலங்கை மலையகத்தில் கரண்டு போனால் முதல் பழி ட்ரான்ஸ்போமருக்குத்தான். "அண்ணே, ட்ரான்ஸ்போமர் போச்சு" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் அனேகமாக ஒரு பியூஸ் போயிருக்கும், ஒரு ஜொயின்ட் கழன்றிருக்கும், சவுக்கு மரக் கிளை கம்பியில் கிடக்கும். ட்ரான்ஸ்போமர் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாகக் காலம் தள்ளியவன் நான். லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுப்) பிள்ளைகள் மூங்கில் கம்போடு தூணுக்குக் கீழே நிற்பதைப் பல தடவை பார்த்து வயிறு கலங்கியிருக்கிறேன். வீட்டு வாசலில் நின்றபடியே, ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு பிழை எங்கே என்று சொல்லிவிடலாம். அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். தூணில் இருக்கும் ட்ரான்ஸ்போமர், அதன் மேலே உள்ள 33,000 வோல்ட் அல்லது 11,000 வோல்ட் கம்பி, கீழே உங்கள் மீட்டர் வரை வரும் 400 வோல்ட் கம்பி, எல்லாம் மின்சார சபை மட்டும் கை வைக்க வேண்டிய இடம். மீட்டருக்கு இந்தப் பக்கம் உங்களுடையது. அந்த அளவுள்ள வோல்டேஜுக்குத் தொட்டால்தான் அடி என்று இல்லை, கிட்டப் போனாலே பாயும். ஈர மூங்கில், ஈரக் கயிறு, ரப்பர் செருப்பு எதுவும் அதற்கு ஒரு தடையே இல்லை.

ஒரு வீட்டில் கரண்டு இருக்கிறது, பக்கத்து வீட்டில் இல்லை

ட்ரான்ஸ்போமரிலிருந்து மூன்று பேஸும் (கரண்டைக் கொண்டுவரும் கம்பி) ஒரு நியூட்ரலும் (கரண்டு திரும்பிப் போகும் கம்பி) புறப்படுகின்றன. லயத்துக் காம்பராக்களுக்கு ஒவ்வொரு பேஸாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட், பேஸுக்கும் பேஸுக்கும் இடையில் 400. மூன்று வீடுகளில் ஆளுக்கொரு பிளக் பொயின்டில் மல்டிமீட்டரை வைத்து அளந்து ஒரு தாளில் எழுதுங்கள்.

இரண்டு பேஸில் 230 அப்படியே இருந்து, மூன்றாவது முழுக்கச் செத்திருந்தால் 400 வோல்ட் பக்கத்து பியூஸ் ஒன்று போயிருக்கிறது, அல்லது அந்தப் பேஸின் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சின்ன வேலை. சபை ஆட்கள் வந்தால் அரை மணி நேரம்.

ஒரு பேஸில் மட்டும் 230, மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 115 என்று வந்தால் கதை வேறு. தோட்டத்துப் பாஷையில் சொன்னால், ஒருவருக்கு முழுப்பேர் (முழுநாள் கூலி), இருவருக்கு அரைப்பேர் (அரைநாள் கூலி). இது மேல் பக்கத்து, அதாவது 33,000 அல்லது 11,000 வோல்ட் பக்கத்து, பியூஸ் ஒன்று போன அடையாளம். நம் பக்கத்து விநியோக ட்ரான்ஸ்போமர்களின் மேல் சுருள்கள் முக்கோணமாக இணைக்கப்பட்டவை. மூன்று மேல் கம்பியில் ஒன்று விட்டால், ஒரு சுருளுக்கு முழு வோல்டேஜ் கிடைக்கும். மிச்ச இரண்டும் வரிசையாக நின்று ஒரே வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு எப்போதும் சரிபாதியாக இராது. லோட்டை, அதாவது வீடுகள் இழுக்கும் கரண்டின் அளவைப் பொறுத்து ஒன்று 90, மற்றது 140 என்றும் வரும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 230க்குக் கிட்ட நிற்கும்.

அரைப்பேர் விழுந்த வீடுகளில் உடனே மெயின் சுவிச்சை அணைக்கச் சொல்லுங்கள். பல்ப் மங்கலாக எரிகிறதே, பரவாயில்லை என்று விட்டால் பிரிட்ஜ் கொம்பிரசர் சுற்ற முடியாமல் உறுமி உறுமிச் சூடாகி எரிந்துபோகும்.

மேல் பியூஸ் போனதைக் கண்ணாலும் பார்க்கலாம். தூணின் உச்சியில் பென்சில் மாதிரி மூன்று குழல்கள் சாய்வாக நிற்கும். பியூஸ் போனால் அந்தக் குழல் தலைகீழாகத் தொங்கும். ரோட்டிலிருந்து பார்த்தாலே போதும். போகும்போது வெடி மாதிரி ஒரு சத்தமும் கேட்டிருக்கும். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி மின்னலோடு இப்படி விழுவது நம் பக்கத்தில் வழக்கம்தான். குழலைத் தடியால் தட்டி மேலே ஏற்றிவிடும் "கெட்டிக்காரர்கள்" எல்லாத் தோட்டத்திலும் ஒருவர் இருப்பார். பியூஸ் காரணமில்லாமல் விழாது. கீழே எங்கோ கம்பி முட்டியிருக்கும்போது அதை ஏற்றினால், மூடும் அந்த நொடியில் நெருப்புப் பந்து அவர் தலைக்கு மேல்தான் வெடிக்கும்.

ஒரு வீட்டில் பல்ப் சூரியன் மாதிரி எரிகிறது, அடுத்த வீட்டில் மங்குகிறது

இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் அளக்கக்கூட நிற்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டுப் பிறகு யோசியுங்கள். நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது.

நியூட்ரல் இருக்கும் வரை ஒவ்வொரு வீடும் தன் 230ஐ வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பும். அது விட்டுப்போனால் இரண்டு பேஸில் உள்ள இரண்டு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக 400 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டி, அதன் தடை சுமார் 53 ஓம். மற்ற வீட்டில் 100 வாட் அளவுக்கு பல்பும் டிவியும், தடை சுமார் 529 ஓம். 400 வோல்ட் இந்த விகிதத்தில் பிரியும்போது இஸ்திரிப்பெட்டிக்குக் கிடைப்பது 36 வோல்ட். டிவி வீட்டுக்குப் போவது 364. குறைவாகக் கரண்டு பாவிக்கும் வீட்டுக்குத்தான் அடி பலம். லயத்தில் இது ஒரு அநியாயம்: ஒரு பல்போடு இருக்கிற பாட்டியின் காம்பராவில்தான் எல்லாம் எரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு லயத்தில் மழைக்காலத்து மாலை ஒன்றில் இது நடந்தது. தூணில் நியூட்ரல் ஜொயின்ட் பச்சை பிடித்துத் தேய்ந்து கிடந்திருக்கிறது. "பல்ப் நல்லா வெளிச்சமா எரியுது மாமா" என்று ஒரு பிள்ளை சந்தோஷமாக வந்து சொன்னது. நான் ஓடிப்போய் மெயின்களை அணைப்பதற்குள் நாலு டிவி போய்விட்டது. அதில் ஒன்று கொந்தரப்புக் (ஒப்பந்த வேலைக்) காசைச் சேர்த்து வாங்கியது.

ட்ரிப் சுவிச் இதற்கு விழும் என்று நம்பாதீர்கள். மண்ணுக்குக் கசியும் கரண்டைத்தான் அது பார்க்கும், கூடுதல் வோல்டேஜை அது கவனிக்காது. பேஸ் பியூஸ் போனதா நியூட்ரல் விட்டதா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு வழி உண்டு. பக்கத்து வீட்டில் கேத்தலைப் போடும்போது உங்கள் வீட்டு வெளிச்சம் ஏறினால் நியூட்ரல். எந்த வீட்டு லோட்டும் அடுத்த வீட்டு வெளிச்சத்தை ஏற்றிவிடக் கூடாது.

மாலை ஆறு மணிக்குப் பிறகு கேத்தல் கொதிக்கமாட்டேன் என்கிறது

இரவு இரண்டு மணிக்கு எழும்பி ஒரு தடவை அளந்து பாருங்கள். மாலை ஏழு மணிக்கும் அளந்து இரண்டையும் எழுதுங்கள். சட்டப்படி 230க்கு மேலும் கீழும் 6 சதவீதம் போகலாம், அதாவது 216 முதல் 244 வரை. இரவில் 232, மாலையில் 190 என்றால் ட்ரான்ஸ்போமர் நோயாளி அல்ல. லோட் கூடிவிட்டது, அல்லது கம்பி நீளம் கூடிவிட்டது.

100 கேவிஏ அளவுள்ள ட்ரான்ஸ்போமர் ஒரு பேஸுக்குத் தரக்கூடியது ஏறத்தாழ 144 அம்பியர். 2000 வாட் கேத்தல் ஒன்று 8.7 அம்பியர் இழுக்கும். ஒரே பேஸில் 16 கேத்தலைச் சேர்த்துப் போட்டால் கணக்கு முடிந்தது. நுவரெலியாக் குளிரில் பெரட்டுக்குப் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப்) போகும் முன் எத்தனை வீட்டில் கேத்தல் போடுகிறார்கள் என்று யோசியுங்கள். லக்சபான நீர்மின் நிலையம் 1950இலேயே கரண்டு தயாரிக்கத் தொடங்கிவிட்டது. அதன் காலடியில் இருந்த லயங்களுக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் எடுத்தன. கம்பி இழுத்த காலத்தில் வீட்டுக்கு இரண்டு பல்ப் என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்கள்.

இரவிலும் பகலிலும் ஒரே மாதிரிக் குறைவாக இருந்தால் டாப் மாற்ற வேண்டியிருக்கலாம். ட்ரான்ஸ்போமரின் உடம்பில் உள்ள அந்தத் திருகி 2.5 சதவீதப் படிகளாக வோல்டேஜை ஏற்றி இறக்கும். முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டுத்தான் அதைத் திருப்ப வேண்டும், சபைதான் திருப்ப வேண்டும். நீங்கள் எழுதிவைத்த இரண்டு நேரத்து அளவு அவர்களுக்கு நல்ல சாட்சி.

சத்தம் மாறிவிட்டது

ட்ரான்ஸ்போமர் உறுமுவது இயற்கை. 50 ஹேர்ட்ஸ் கரண்டில் இரும்பு ஒரு நொடிக்கு 100 தடவை நீண்டு சுருங்கும், அந்த "ம்ம்ம்" தான் கேட்கிறது. மூடுபனி இறங்கினால் மேலே உள்ள புஷிங்கில் (கம்பி உள்ளே போகும் பீங்கான் குழலில்) "சர்ர்" என்று ஒரு சீறல் சேர்ந்துகொள்ளும். பாசியும் தூசியும் படிந்த பீங்கானில் ஈரம் பட்டால் அப்படித்தான். வெயில் வந்ததும் அடங்கினால் கவலை வேண்டாம். சபைக்கு ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், துடைக்க வேண்டும்.

வெயிலிலும் "டக் டக்" என்று வெடிக்கும் சத்தம், உள்ளே தண்ணீர் கொதிப்பது போலக் குமுறும் சத்தம், இவை இரண்டும் கெட்ட சகுனம். உள்ளே காப்பு உடைந்து எண்ணெய்க்குள் தீப்பொறி பாய்கிறது. ஆட்களை விலக்குங்கள், தூணுக்குக் கீழே கட்டிய மாட்டை அவிழ்த்துவிடுங்கள், உடனே போன் போடுங்கள். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெய் தண்ணீரில் மிதந்து ஓடும்.

எண்ணெய் கசிகிறது

தூணில் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும், கீழே புல் எண்ணெய் பட்டுக் கருகியிருக்கும். அந்த எண்ணெய் உள்ளே சுருளைக் குளிரவைக்கிறது, காப்பாகவும் நிற்கிறது. மட்டம் இறங்கினால் ட்ரான்ஸ்போமருக்கு ஆயுள் குறைவு.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. சிலர் போத்தலைக் கொண்டுவந்து அந்த எண்ணெயைப் பிடிப்பார்கள். மூட்டுவலிக்குத் தடவ நல்லதாம். பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெயில் பிசிபி என்ற குளோரின் சேர்ந்த நஞ்சு கலந்திருக்கலாம். உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்கி வருடக்கணக்கில் வெளியேறாது. 2001ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் உலக நாடுகள் ஒழிக்க ஒப்புக்கொண்ட பொருள்களில் அதுவும் ஒன்று. பார்வைக்கும் மணத்துக்கும் நல்ல எண்ணெயையும் நஞ்செண்ணெயையும் பிரித்தறிய முடியாது. முழங்காலுக்குச் சித்தாலேபை தடவுங்கள். இதை வேண்டாம். பீலித் தண்ணீர் (லயத்துக் குழாய்த் தண்ணீர்) பக்கம் வழிந்தால் மண் போட்டு அணை கட்டிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். தூணில் தொங்கும் எர்த் கம்பியையும் அதே போல் விடுங்கள், திருடன் வெட்டிய செம்புக் கம்பியின் நுனியில் உயிர் இருக்கலாம்.

ஊரே இருட்டு, ஒரு கடையில் மட்டும் ஜெனரேட்டர் ஓடுகிறது

இதை ஏன் பிழை நீக்கும் பட்டியலில் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். ட்ரான்ஸ்போமருக்கு மேல் கீழ் தெரியாது. 33,000ஐ 230 ஆக்குவது போல, கீழேயிருந்து 230ஐ ஏற்றினால் மேலே 33,000 ஆக்கிவிடும். இரு பக்கமும் ஆண் பிளக் போட்ட வயரால் சிலர் ஜெனரேட்டரைச் சுவர்ப் பொயின்டில் குத்துகிறார்கள். மெயின் அணைக்கப்படாவிட்டால் அந்தக் கரண்டு கம்பி வழியே திரும்பித் தூணுக்கு ஏறும். அங்கே ஒருவர் "லைன் ஓப்" என்ற நம்பிக்கையில் வேலை செய்துகொண்டிருப்பார்.

ஒரு திருவிழா இரவில் இப்படி ஒரு வயர் குத்தியிருந்ததை நான் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். கோயில் மெயினை அணைக்க மறந்திருந்தார்கள். நான் பிடுங்கியதும் ஒலிபெருக்கி நின்றது, தலைவர் என்னைத் திட்டினார். திட்டட்டும். ஜெனரேட்டர் வைத்திருந்தால் சேஞ்ச்ஓவர் சுவிச் போடுங்கள். சபையும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வர வழியில்லாத சுவிச் அது.

கம்பி அறுந்து தேயிலைக்குள் விழுந்துவிட்டது

ஆடிக் காற்றில் ஹட்டன், டிக்கோயா பக்கம் அடிக்கடி நடப்பது. தீப்பொறி இல்லை, சத்தமும் இல்லை என்றாலும் உயிர் இருப்பதாகவே நினையுங்கள். 10 மீட்டருக்குள் போக வேண்டாம். ஈரச் சரிவென்றால் இன்னும் தள்ளியே நில்லுங்கள். கிட்ட நிற்கும்போது கம்பி விழுந்துவிட்டால் பாதங்களைச் சேர்த்து வைத்து, மண்ணைவிட்டுத் தூக்காமல் சிறிது சிறிதாக நகர்த்தி விலகுங்கள். காலை அகட்டி ஓடினால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையிலேயே வோல்டேஜ் வித்தியாசம் வந்து கரண்டு உடம்பில் ஏறும்.

அடிபட்டவர் கம்பியோடு கிடந்தால், சபை கரண்டை நிறுத்தியதாகச் சொல்லும் வரை நெருங்க வேண்டாம். கல் நெஞ்சு வேண்டும், தெரியும். வீட்டுக்குள் 230இல் மாட்டியவர் என்றால் மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். இன்னொருவர் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கட்டும்.

தொழிற்சாலையில்: மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

கொழுந்து வாட்டும் தொட்டி விசிறியோ ரோலரோ போட்டவுடன் உறுமி நின்றால் ஒரு பேஸ் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்தபோது பேஸ் போனால் மோட்டார் தொடர்ந்து சுற்றும், மிச்ச இரண்டு கம்பியிலும் கூடுதலாக இழுத்துச் சூடேறும். ஓவர்லோட் ரிலே திரும்பத் திரும்ப விழுவது அதனால்தான். ரிலேயைக் கூட்டிவைக்கும் முன் மூன்று பேஸையும் அளங்கள்.

கம்பியில் கை வைக்கும் முன் உயிர் இல்லை என்று உறுதிசெய்யும் ஒழுங்கு இதுதான்: பிரேக்கரை இறக்கு, பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பைக்குள் வை, மீட்டரை உயிருள்ள இடத்தில் வைத்துப் பார், பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார், திரும்ப உயிருள்ள இடத்தில் வை. நடுவில் மீட்டர் செத்திருந்தால் கடைசிச் சோதனை காட்டிக்கொடுக்கும். திருப்புளி டெஸ்டர் மட்டும் பார்த்து கை வைக்காதீர்கள். தொழிற்சாலைக் காவல் தெய்வமான ரோதமுனிக்குப் படையல் வைத்துவிட்டுப் பூட்டுப் போடாமல் வேலை செய்பவரை முனி காப்பாற்ற மாட்டார். கரண்டைத் தேக்கிவைக்கும் கபாசிட்டர் பெட்டியை அணைத்தும் ஐந்து நிமிடம் விடுங்கள். அம்மீட்டருக்குப் போகும் சீடி (கரண்டைக் குறைத்து அளக்கக் கொடுக்கும் சின்ன ட்ரான்ஸ்போமர்) கம்பிகளை ஓடும்போது கழற்றவே கூடாது, திறந்த நுனியில் ஆயிரக்கணக்கில் வோல்டேஜ் எழும்பும்.

பெரிய ட்ரான்ஸ்போமரில் கண்ணாடிக் குவளைக்குள் நீல மணிகள் இருக்கும். மூச்சுவிடும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் சிலிக்கா ஜெல். நம் பனிக்கு அது சீக்கிரம் இளஞ்சிவப்பாகிவிடும். கீழேயிருந்து நிறம் மாறி மேலே ஏறினால் சரி, காற்று வரும் வழி அதுதான். மேலேயிருந்து மாறத் தொடங்கினால் மூடி எங்கோ கசிகிறது. நீல மணியில் கோபோல்ட் நஞ்சு உண்டு, கையுறை போடுங்கள். முழுக்க அடைத்துவைத்த சின்ன ட்ரான்ஸ்போமர்களில் குவளையே இருக்காது, தேட வேண்டாம்.

வெளிநாட்டுச் சாமான், 110 வோல்ட் பெட்டி

கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய மிக்சிக்கு ஸ்டெப் டவுன் பெட்டி. இங்கே கை வைப்பது நீங்கள்தான், ஆதலால் பிளக்கைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

சூடும் கருகிய வாசமும் என்றால் பெட்டி போதவில்லை. 1000 வாட் சாமானுக்கு 1500 விஏ பெட்டி வேண்டும். பெட்டி வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. அந்த ஊர் மணிக்கூட்டில் சில இங்கே ஒரு மணி நேரத்துக்கு 50 நிமிடமே ஓடும். வெளிவரவே இல்லை என்றால் உள்வரும் இரண்டு முனைக்கும் இடையில் ஓம் அளந்து பாருங்கள். முடிவிலி காட்டினால் பியூஸ் அல்லது சுருள் போய்விட்டது.

பிறகு உள்வரும் முனைக்கும் வெளிவரும் முனைக்கும் இடையில் அளங்கள். தொடர்பு காட்டினால் அது ஓட்டோ ட்ரான்ஸ்போமர். சுவர்க் கரண்டிலிருந்து பிரியவில்லை, 110 என்று நம்பித் தொட்டால் சுவரே அடிக்கும். கீழ்ச் சுருள் அறுந்தால் வெளியே 230 முழுக்க வந்து சாமானை எரிக்கும். மலிவுப் பெட்டி பலவும் இந்த ரகம்.

திறந்து பார்த்த பெட்டியை நேரே சுவரில் குத்தாமல், 100 வாட் இழை பல்ப் ஒன்றை வரிசையில் போட்டுக் கொடுங்கள். ஒரு கணம் மின்னி அணைந்தால் சுருள் நல்லது, பிரகாசமாக எரிந்தால் உள்ளே முட்டியிருக்கிறது. மைக்ரோவேவ் ட்ரான்ஸ்போமரில் இந்த விளையாட்டு வேண்டாம், அது 2000 வோல்ட் தரும்.

சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு அழைக்கும்போது

"கரண்டு இல்லை" என்று மட்டும் சொன்னால் வரிசையில் கடைசிக்குப் போவீர்கள். தூணில் வெள்ளை எழுத்தில் போட்டிருக்கும் இலக்கம், தோட்டமும் டிவிசனும், நீங்கள் அளந்த மூன்று எண். "ஒரு பேஸ் 230, மற்ற இரண்டும் 110, 120, மேல் பியூஸ் ஒன்று தொங்குகிறது, லயத்தில் எல்லா மெயினும் அணைத்திருக்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். வருகிறவர் சரியான பியூஸோடு வருவார்.